மறதியும் சுகரும் ஒரே ஆளுக்கு இருந்தால் முதலில் ராத்திரியைக் கவனியுங்கள்

வீட்டில் பெரியவர் ஒருவர் சொன்னதையே திரும்பச் சொல்கிறார், மாத்திரை போட்டோமா இல்லையா என்று குழம்புகிறார் என்றால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுகிறோம். அதே ஆளுக்கு சுகர் 300 என்று ரிப்போர்ட் வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுகிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தொடர்பு உண்டு. அது பெரும்பாலும் ராத்திரியில், எல்லோரும் தூங்கும்போது நடக்கிற விஷயம் என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. ஆனால் அதைச் சரிசெய்ய வீட்டில் இருப்பவர்களால் நிறையவே முடியும்.

புதுச்சேரி, கடலூர் என்று நம் பகுதிக்கு இது ரொம்ப அவசியமான விஷயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐசிஎம்ஆர்-இண்டியாப் என்ற, 2023-ல் வெளிவந்த ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நாடு முழுக்க 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய் என்று தெரிந்தது, புதுச்சேரியில் 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம் இங்கேதான். நாலில் ஒருவர். அவர்களுக்கெல்லாம் வயதாகும்போது கண், கிட்னி, கால் ஆகியவற்றைப் பார்க்கிற மாதிரி மூளையையும் யாராவது பார்க்க வேண்டும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், அப்போதுதான் பின்னால் சொல்வதெல்லாம் ஏன் என்று புரியும். மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு வேலை நடக்கிற இடத்தில் கழிவும் உண்டாகும். அமைலாய்ட் பீட்டா, டாவ் என்ற இரண்டு புரதங்கள் அதில் முக்கியமானவை. அல்சைமர் என்ற மறதி நோய் உள்ளவர்களின் மூளையில் படிந்து கிடப்பவை இவைதான். மற்ற உறுப்புகளில் கழிவை வடிக்க நிணநீர்க் குழாய்கள் இருக்கின்றன, மூளைத் திசுவுக்குள் அவை கிடையாது. பிறகு எப்படி வெளியேறுகிறது என்பதற்கு 2012-ல் அமெரிக்காவின் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கன் நெடர்கார்ட், ஜெஃப்ரி இலிஃப் குழுவினர் எலிகளை வைத்து ஒரு விடை சொன்னார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எப்போதும் சுமார் 150 மில்லி தெளிந்த திரவம் இருக்கிறது, ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்குப் புதிதாகச் சுரக்கிறது. அது தமனிகளின் வெளிப்பக்கத்தை ஒட்டிய சின்ன இடுக்குகள் வழியாக மூளைக்குள் இறங்கி, செல்களுக்கு நடுவில் ஊடுருவி, கழிவை எடுத்துக்கொண்டு சிரைகளை ஒட்டி வெளியேறுகிறது. ரத்தக் குழாயைச் சுற்றிக் கால் பதித்து நிற்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற செல்களில் அக்வாபோரின்-4 என்ற தண்ணீர் வாசல்கள் இருக்கின்றன, திரவம் உள்ளே போக அவை உதவுகின்றன. இதற்கு கிளிம்ஃபாட்டிக் மண்டலம் என்று பெயர். தமனி ஒவ்வொரு தடவை துடிப்பதும் இந்தத் திரவத்தை முன்னே தள்ளுகிறது. இதை நினைவில் வையுங்கள், பிரஷர் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு என்று எங்கெங்கோ பெய்த மழையெல்லாம் வந்து வடிகிற மாவட்டம் கடலூர். முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் எத்தனை தெரு முழுகும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூளையிலும் கழிவு உண்டாவது இயல்பு, வடியாமல் தேங்குவதுதான் ஆபத்து.

இனி தூக்கம். 2013-ல் அதே ராசெஸ்டர் குழு, எலி விழித்திருக்கும்போது மூளைச் செல்களுக்கு நடுவில் 14 சதவீதமாக இருந்த இடைவெளி தூங்கும்போது 23 சதவீதமாக விரிகிறது என்றும், அப்போது அமைலாய்ட் வேகமாக வெளியேறுகிறது என்றும் கண்டது. 2018-ல் அமெரிக்காவில் நல்ல ஆரோக்கியமாக இருந்த 20 பேரை ஒரு ராத்திரி தூங்கவிடாமல் வைத்து ஸ்கேன் எடுத்தபோது, அந்த ஒரே ராத்திரியில் மூளையின் நினைவுப் பகுதியில் அமைலாய்ட் கூடியிருந்தது. இதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். 2024-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஒன்று, எலியின் மூளையில் செலுத்திய சாயம் தூக்கத்தில் மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்று நேர் எதிராகச் சொன்னது, அந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஆனால் ஆழ்ந்த தூக்கம் குறைந்தால் நினைவாற்றல், சுகர், பிரஷர் மூன்றும் கெடுகின்றன என்பதற்கு மனிதர்களிடமே ஏராளமான ஆதாரம் உண்டு. அதனால் கீழே சொல்வதைச் செய்ய அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

வயதாக ஆக ஆழ்ந்த தூக்கம் தானாகவே குறைகிறது, தமனிகள் விறைக்கின்றன, அக்வாபோரின் வாசல்கள் இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்ந்துவிடுகின்றன. கிழட்டு எலிகளில் அமைலாய்ட் வெளியேறுவது இளம் எலிகளைவிடச் சுமார் 40 சதவீதம் குறைந்ததாக 2014-ல் கண்டார்கள். இதன்மேல் சுகரும் சேர்ந்தால்? 2017-ல் டெட்ராய்ட்டில் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை ஆராய்ச்சியாளர்கள் டைப் 2 சர்க்கரை நோய் உள்ள நடுவயது எலிகளை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது, மூளைத் திரவத்தில் செலுத்திய ஸ்கேன் மருந்து நினைவுப் பகுதியிலிருந்து வெளியேற 3 மடங்கு தாமதமானது. அந்த எலிகள் நினைவுச் சோதனைகளிலும் பின்தங்கின. மனிதர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. சுகர், பிரஷர், கெட்ட கொழுப்பு, உடல் உழைப்பின்மை, காது கேளாமை எல்லாம் அதில் வருகின்றன.

சரி, வீட்டில் என்ன செய்வது?

தூக்கத்தைக் கெடுப்பது எது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

"சீக்கிரம் படுங்கள்" என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. சுகர் உள்ள பெரியவர்கள் பெரும்பாலும் சீக்கிரம்தான் படுக்கிறார்கள், தூக்கம் நடுவில் உடைந்துபோகிறது. ஆழ்ந்த தூக்கம் ராத்திரியின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் அதிகம், அதாவது 10 மணிக்குக் கண்ணயர்ந்தால் 1 மணிக்குள். அந்த நேரத்தில் எழுப்பாமல் காப்பாற்றினாலே பெரிய விஷயம்.

எழுப்புவது பெரும்பாலும் சிறுநீர். ரத்தத்தில் சுகர் சுமார் 180-ஐத் தாண்டினால் சிறுநீரகம் அதை வெளியே விடத் தொடங்கும், சர்க்கரை போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அப்புறம் தாகம், மறுபடி தண்ணீர், மறுபடி பாத்ரூம். அதனால் ராத்திரி மூன்று நான்கு தடவை எழுந்தால் வயசு என்று முடிவு கட்டாமல் படுக்கும்முன் குளூக்கோமீட்டரில் ஒரு தடவை பாருங்கள். 250 என்று காட்டினால் காரணம் அங்கேயே இருக்கிறது, அதை டாக்டரிடம் சொல்லி மருந்தைச் சரிசெய்ய வேண்டும். சுகர் நல்ல கட்டுப்பாட்டில் இருந்தும் எழுகிறார் என்றால், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீக்கம் இருக்கலாம், பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கலாம், பிரஷருக்கான நீர் மாத்திரையைச் சாயங்காலம் போடுகிறாரா, சிறுநீரில் சர்க்கரையை இறக்கும் டாபாகிளிஃபுளோசின் மாதிரி மாத்திரையை ராத்திரியில் போடுகிறாரா என்றும் பாருங்கள். நேரத்தை நீங்களாக மாற்றாதீர்கள், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். பகலெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து கால் வீங்குகிறவர்களுக்கு, அந்த நீர் ராத்திரி படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிவிடும். அவர்கள் மத்தியானம் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் தூக்கிவைத்துப் படுத்தால் ராத்திரி எழுவது குறையும். தண்ணீரைப் பகலில் நன்றாகக் குடித்துவிட்டு, படுக்கும்முன் இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்துக்கொள்ளலாம். நம் ஊர் சித்திரை வெயிலில் பாத்ரூம் போக வேண்டுமே என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அதை அனுமதிக்காதீர்கள். நீர் வற்றினால் அன்றைக்கே குழப்பம் வரும்.

அடுத்தது குறட்டை. ஆழ்ந்து தூங்குகிறார் என்பதற்குக் குறட்டையை அடையாளமாக நினைக்கிறோம், ரொம்பத் தவறான நினைப்பு இது. பலமான குறட்டை, நடுவில் சட்டென்று சத்தமே இல்லாமல் சில விநாடி, பிறகு திணறலோடு மூச்சு: இப்படி இருந்தால் அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய். ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இறங்கி, மூளை அரைகுறையாக விழித்து, பிரஷர் ஏறி, ஆழ்ந்த தூக்கம் கலைகிறது. ஆனால் அவருக்கு எதுவும் தெரியாது, பகலில் பேப்பர் படிக்கும்போதே தூங்கிவிழுவார், அவ்வளவுதான். எடை கூடிய சுகர் நோயாளிகளிடம் இது சகஜம். பக்கத்தில் படுப்பவர் போனில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், "குறட்டை விடுகிறார்" என்று வாயால் சொல்வதைவிட அது நூறு மடங்கு உதவும். ஸ்லீப் ஸ்டடி என்ற சோதனை செய்து, தேவைப்பட்டால் மூக்கில் மாட்டிக் காற்றை அழுத்தும் சிபாப் கருவி தருவார்கள். மல்லாந்து படுப்பதைவிட ஒருக்களித்துப் படுத்தால் பலருக்கு மூச்சுத்தடை குறைகிறது. ஒருக்களித்த நிலையில் கழிவு நன்றாக வெளியேறுவதாக 2015-ல் வந்த ஆய்வு எலிகளில் செய்தது, அதை நம்பி முதுகுவலி உள்ள பாட்டியைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டாம்.

கால் எரிச்சல், மதமதப்பு: பகலில் தெரியாது, படுத்ததும் நெருப்பை வைத்த மாதிரி எரியும். நரம்பு பாதிப்புக்கு மருந்து இருக்கிறது, சகித்துக்கொண்டு தூக்கம் கெட வேண்டிய அவசியம் இல்லை. வெந்நீர் ஒத்தடம் மட்டும் வேண்டாம், மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும்.

ராத்திரி சுகர் இறங்குவது

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சுகர் ஏறுவதைப் பார்த்துப் பயப்படுகிற அளவுக்கு இறங்குவதைப் பார்த்து நாம் பயப்படுவதில்லை. மூளைக்குக் குளூக்கோஸ்தான் சாப்பாடு. இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை போடுகிறவர்களுக்கும் தூக்கத்தில் சுகர் 70-க்குக் கீழே போகலாம். விடியும்போது தலையணை நனைகிற அளவுக்கு வியர்வை, கெட்ட கனவு, உளறல், எழுந்ததும் தலைவலி, குழப்பம் இவையெல்லாம் அடையாளம். கடுமையாக அடிக்கடி இறங்கினால் முதியவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

நம் வீடுகளில் இதற்கு முக்கியக் காரணம் ஒன்று விரதம். கிருத்திகை, சஷ்டி, ஏகாதசி என்று ராத்திரி ஒரு டம்ளர் பாலோடு படுத்துவிட்டு, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுவிடுவார்கள். விரதம் இருக்காதே என்று அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை, சொல்லவும் வேண்டாம். விரத நாளில் எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை விடுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு, மாத்திரை டப்பாவிலேயே எழுதி ஒட்டுங்கள். இன்னொரு காரணம், போட்டதை மறந்து இரண்டாவது தடவை போடுவது. கிழமை வாரியாக அறை பிரித்த மாத்திரைப் பெட்டி மருந்துக்கடைகளில் கிடைக்கும், வாரத்துக்கு ஒருமுறை நீங்களே நிரப்பிவிடுங்கள். சாராயம் குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாலும் சுகர் பாதாளத்துக்கு இறங்கும், குடி தூக்கத்தின் பின்பாதியையும் கெடுக்கும், குறட்டையையும் கூட்டும்.

சந்தேகம் வந்தால் உடனே சோதியுங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

முதியவர்களுக்கு ஹெச்பிஏ1சி என்ற மூன்று மாத சராசரியை 6-க்குக் கொண்டுவந்தே தீர வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிக்காதீர்கள். ஆரோக்கியமாக இருக்கும் முதியவருக்கு 7 முதல் 7.5-க்குள், வேறு பல நோய்களும் மறதியும் உள்ளவருக்கு 8-க்குள் என்று டாக்டர்களே தளர்த்தித்தான் வைக்கிறார்கள். தாழ்வாக இருப்பதைவிட ஏறி இறங்காமல் நிலையாக இருப்பது மூளைக்கு நல்லது.

சாயங்காலத்தை மாற்றுங்கள், ராத்திரி தானாக மாறும்

ராத்திரிச் சாப்பாடு சீரியல் முடிந்து 10 மணிக்கு, சாப்பிட்ட தட்டைக் கழுவியதும் படுக்கை. இந்தப் பழக்கம்தான் படுக்கும்போது சுகரை உச்சத்தில் வைக்கிறது. 7.30-க்குள் சாப்பிட்டுவிட்டு, 10 முதல் 15 நிமிடம் மெதுவாக நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகர் கண்கூடாகக் குறையும், நீங்களே மீட்டரில் பார்க்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலையில் மாலையானால் வண்டிகளை விடமாட்டார்கள், முதியவர்கள் நடக்க அதைவிடப் பத்திரமான இடம் இல்லை. கடலூரில் சில்வர் பீச் பக்கம் இருப்பவர்கள் அங்கே போகலாம், மணலில் இறங்க வேண்டாம், தடுமாறும். மற்றவர்களுக்கு வாசல் முதல் தெருமுனை வரை போதும், நாய்த் தொல்லை இருந்தால் வீட்டுக் கூடத்திலேயே நடக்கலாம். சாப்பாட்டில், இட்லி தோசையோடு முதலில் ஒரு கிண்ணம் காய் அல்லது சுண்டல், பிறகு டிபன். பண்ருட்டிப் பலாச் சீசனில் வீடே மணக்கும்போது வேண்டாம் என்று தடுக்க எனக்கும் மனசு வராது. மத்தியானச் சோற்றைக் குறைத்துக்கொண்டு இரண்டு சுளை, ராத்திரியில் கூடாது.

காபியில் உள்ள கஃபீன் பாதி குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால் 3 மணிக்கு மேல் வேண்டாம். மத்தியானத் தூக்கம் அரை மணி. காலையில் 20 நிமிடம் வெளிச்சத்தில் இருக்கட்டும். படுக்கும் அறையில் இருட்டு, மின்விசிறி, கொசுவலை.

நெய்வேலியிலும் சிப்காட்டிலும் நைட் ஷிப்ட் பார்க்கிற நடுவயதுக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பகலில் தூங்கும்போது கனமான திரை போட்டு, போனை வேறு அறையில் வைத்து, துண்டு துண்டாக இல்லாமல் ஒரே மூச்சில் தூங்குங்கள். பிரிட்டனில் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், 50, 60 வயதுகளில் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட டிமென்ஷியா அதிகம் வந்தது.

பிரஷரும் மாத்திரைகளும்

தமனித் துடிப்புதான் திரவத்தைத் தள்ளுகிறது என்று சொன்னேன் அல்லவா, பிரஷர் ஏறினால் அந்தத் துடிப்பின் தள்ளும் வேலை கெடுகிறது, 2018-ல் எலிகளில் இதை நேரடியாகப் பார்த்தார்கள். சுகர் மாத்திரையைத் தவறாமல் போட்டுவிட்டுப் பிரஷர் மாத்திரையைத் "தலைசுற்றினால் போட்டுக்கொள்கிறேன்" என்று விடுகிற பெரியவர்கள் நிறையப் பேர், மூளைக்கு அந்த மாத்திரையும் அதே அளவு முக்கியம். தமிழ்நாட்டுப் பக்கம் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரண்டு மாத்திரையும் தருகிறார்கள்; பெயர் பதியவில்லை என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைப் பல வருடமாகப் போடுகிறவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம், குறைந்தால் மறதியும் கால் மதமதப்பும் வரும், ஊசியிலோ மாத்திரையிலோ சரிசெய்யலாம். டிமென்ஷியா என்று பயப்படும்முன் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் தானாக வாங்கும் தூக்க மாத்திரை, அவில் மாதிரி அலர்ஜி மாத்திரை இரண்டும் முதியவர்களுக்குக் குழப்பத்தையும் விழுவதையும் உண்டாக்கும். தூக்க மாத்திரையில் வரும் தூக்கமும் வேறு மாதிரி: சோல்பிடெம் கொடுத்த எலிகளில் திரவ ஓட்டம் குறைந்ததாக 2025-ல் ஒரு ஆய்வு வந்தது. அதற்காக வருடக்கணக்கில் போடுகிற மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது, டாக்டர் படிப்படியாகத்தான் குறைப்பார். மூளைக் கழிவை நீக்கும் பொடி, கஷாயம், டானிக் என்று வாட்ஸ்அப்பில் வருவதற்குக் காசு கொடுக்காதீர்கள், அப்படி நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றைக்கு எதுவும் கிடையாது.

ஒரே நாளில் அல்லது இரண்டு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அது வயசு மறதி கிடையாது. சிறுநீர்த் தொற்று, சோடியம் இறங்குவது, சுகர் இறங்குவது, பக்கவாதம் எதுவாகவும் இருக்கலாம். முதலில் சுகர் பாருங்கள், வாய் கோணினாலோ கை தூக்க முடியவில்லை என்றாலோ பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே 108.

கடைசியாக ஒரு நோட்டு. ஜிப்மர் மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரி வெளிநோயாளிப் பிரிவில் கூட்டத்துக்கு நடுவில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், அப்போது "தூக்கமே இல்லை டாக்டர்" என்று பொதுவாகச் சொன்னால் தூக்க மாத்திரைதான் எழுதித் தருவார்கள். அதனால் இரண்டு வாரம் எழுதுங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தார், எத்தனை தடவை எழுந்தார், எதற்காக எழுந்தார், வாரத்தில் இரண்டு நாள் படுக்கும்முன் சுகர், விடிந்ததும் சுகர், காலை பிரஷர், என்னென்ன மாத்திரை எந்த நேரத்தில். எழுதுவது பெரும்பாலும் அம்மாவோ மருமகளோதான், ராத்திரி கூடவே எழுந்து பாத்ரூம் வரை கைபிடித்துப் போவதும் அவர்கள்தான், அவர்களுக்கும் சுகர் இருக்கும். படுக்கைக்குப் பக்கத்திலேயே சிறுநீர்ப் பாத்திரம், வழியில் சின்ன விளக்கு, சுவரில் பிடிமானக் கம்பி வைத்துவிட்டால் பாதி நாள் அவர்கள் எழ வேண்டியிருக்காது. மீதி நாளுக்கு மகன் முறைபோட்டுக்கொள்ளட்டும். நோட்டில் அவர்கள் தூங்கிய நேரத்தையும் ஒரு கட்டத்தில் எழுதி, அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.